காவல் நாய்க்குக் கஞ்சி போதுமா?

நம் மாவட்டத்தில் நாய் இல்லாத தெருவைக் காண்பது அரிது. வடசேரியிலும் கோட்டாற்றிலும் தறிக்குழியின் அருகே சுருண்டு கிடக்கும் நாயையும், தோவாளைப் பூந்தோட்டங்களிலும் மலையடிவாரத்து வாழைத் தோட்டங்களிலும் இரவெல்லாம் விழித்திருந்து காட்டுப்பன்றியை விரட்டும் நாயையும் நாம் நாள்தோறும் காண்கிறோம். அந்நாய்க்கு நாம் இடும் உணவு யாது? பெரும்பாலான வீடுகளில் வடித்த கஞ்சி, மிஞ்சிய சோறு, அதன்மேல் ஊற்றிய பழங்குழம்பு, இவ்வளவே. 'வயிறு நிறைய இடுகிறோமே, இன்னும் என்ன வேண்டும்?' என்று அங்கத்தினர் பலரும் கேட்கின்றனர். அக்கேள்விக்கு விடையாகவே இம்மாதப் பாடத்தை அமைத்துக்கொண்டோம்.

இதை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றை முதலிற் சொல்லிவிட வேண்டும். அதில் நம் பிழையும் உண்டு. நெசவாளர் அங்கத்தினர் ஒருவர் சிப்பிப்பாறை இனத்துக் குட்டி ஒன்றை ஆசையோடு வாங்கி வந்தார். அதற்கு என்ன உணவு இடலாம் என்று நம்மிடம் வினவினார். பாட்டனார் காலத்து நாய்களெல்லாம் கஞ்சி குடித்தே வளர்ந்தன, ஆதலால் கஞ்சியும் சோறும் போதும், ஞாயிறுதோறும் எலும்பில்லாத இறைச்சி சிறிது சேர்த்தால் மிக நன்று என்று நாம் தயங்காது மொழிந்தோம். அவரும் அவ்வாறே செய்தார். குட்டி பார்வைக்குக் கொழுகொழுவென்றே வளர்ந்தது. நான்காம் மாதத்தில் அதன் முன்னங்கால்கள் இரண்டும் வில்போல் வளையத் தொடங்கின. துள்ளி விளையாடிய குட்டி, எழுந்து நிற்கும்போதே வலியால் முனகிற்று. கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து, 'தொற்று நோய் ஏதும் இல்லை. எலும்பு உறுதிப்படவே இல்லை. குறை உணவில்தான்' என்றார். உணவை மாற்றிய பின்னர் வலி நீங்கிற்று. நாய் இன்றும் நலமாகவே இருக்கிறது. வளைந்த கால்கள் மட்டும் நிமிரவில்லை. அவ்வங்கத்தினர் நம்மை ஒரு சொல்லும் கடிந்துரைக்கவில்லை. எனினும் அந்த நாய் தறிக்கூடத்து வாயிலில் கால்களை அகட்டி நடந்து வருவதைக் காணும்போதெல்லாம், அறியாததை அறிந்ததுபோல் சொன்னோமே என்ற எண்ணம் நமக்கு எழாமல் இருப்பதில்லை.

பாட்டனார் காலத்து நாய் கஞ்சி குடித்தது உண்மையே. ஆனால் அது கஞ்சி மட்டுமே குடித்து வாழவில்லை. அன்று நாயைச் சங்கிலியிற் கட்டியவர் சிலரே. அறுவடை முடிந்த வயலில் எலியைப் பிடித்தது. வாய்க்காலில் நண்டைத் தோண்டியது. மீன் சந்தையில் தலையும் குடலும் தின்றது. கோழி அறுத்த வீட்டின் பின்புறம் காத்துக் கிடந்தது. தெற்குச் சீமையில் கூழ் உண்டு வளர்ந்த வேட்டை நாய்களுக்கும் முயல் இறைச்சியில் பங்கு இருந்தது. கஞ்சியில் இல்லாததை நாயே தேடிக்கொண்டது. இன்றோ மதிற்சுவருக்குள் கட்டிவைத்து வளர்க்கிறோம். நாம் தட்டில் இடாத ஒன்றை அது வேறெங்கும் பெற வழியில்லை. இவ்வொரு மாறுதலை மனத்திற் கொண்டால் இப்பாடத்திற் பாதி விளங்கிவிடும்.

பயிருக்குத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து ஆகிய மூன்றும் வேண்டும் என்பதை விவசாய அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. யூரியாவை மட்டும் அள்ளி இறைத்தால் நெற்பயிர் கரும்பச்சையாய் வளர்ந்து, கதிர் முற்றுமுன் சாய்ந்துவிடும். நாயின் உடலும் அத்தகையதே. அதற்கு இயங்கும் வலிமை தரும் மாவும் கொழுப்பும் வேண்டும். தசையை ஆக்கும் புரதம் வேண்டும். எலும்பை ஆக்கும் சுண்ணாம்புச் சத்தும் மணிச்சத்தும் வேண்டும். இவற்றை உடலிற் சேர்ப்பிக்கும் வைட்டமின்களும், துத்தநாகம், செம்பு, அயோடின் போன்ற நுண்சத்துக்களும் வேண்டும். இவற்றுள் ஒன்று மிகுந்தமையால் மற்றொன்றின் குறை தீர்வதில்லை.

சோறு நாய்க்குப் பகை என்று சிலர் கூறுவதுண்டு. அது சரியன்று. 2013ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று, ஓநாயினின்றும் பிரிந்து மனிதனோடு வாழத் தலைப்பட்ட நாய், மாவுப்பொருளைச் செரிக்கும் திறனைத் தன் மரபிலேயே மிகுதியாகப் பெற்றுவிட்டது என்று காட்டியது. நன்றாக வெந்த சோற்றை நாய் எளிதிற் செரித்துக்கொள்கிறது. சோறு இடுவதில் தவறு ஒன்றுமில்லை. சோற்றோடு நின்றுவிடுவதே தவறு.

அது எத்துணைப் பெரிய தவறு என்பதைக் கணக்கிட்டுக் காண்போம். 15 கிலோ எடையுள்ள, நடமாடித் திரியும் வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கலோரி உணவு வேண்டும். அதனை முற்றிலும் அரிசியாலேயே நிரப்புவோமாயின் சுமார் 240 கிராம் அரிசி பொங்க வேண்டும். அதிற் கிடைக்கும் புரதம் சுமார் 17 கிராம். நாய்க்குக் கொடுக்கத் தக்கதோ 38 கிராம் அளவு. கொழுப்பு பெயருக்குத்தான் இருக்கும். சுண்ணாம்புச் சத்தின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. நாய்க்கு ஏறத்தாழ 850 மில்லிகிராம் வேண்டியிருக்க, அவ்வரிசியில் 25 மில்லிகிராம் அளவே உண்டு. சோற்றையும் இறுத்துவிட்டு வடிகஞ்சியை மட்டும் ஊற்றும் வீடுகளைப் பற்றி என் சொல்வது!

மரச்சீனியின் கணக்கு இதனினும் தாழ்ந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனிச் சாகுபடியை நாட்டிற் பரப்பினார். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி வரவு நின்றபோது எத்தனையோ குடும்பங்கள் பசியாறியது இக்கிழங்கினால்தான். அதன் நன்றியை மறக்கலாகாது. எனினும் அதிலுள்ள புரதம் நூற்றுக்கு ஒன்று ஒன்றரைப் பங்கே. 850 கலோரிக்கு அரைக் கிலோவுக்கு மேல் கிழங்கு தின்றாலும் 8 கிராம் புரதம்கூடத் தேறாது. கிழங்கோடு மீனை உண்ணும் நம் வழக்கம் இக்குறையை நிறைவு செய்கிறது. கிழங்கை நாய்க்கு இட்டு மீனை நாமே உண்டுவிட்டால் நாய்க்கு நிறைவு எங்கிருந்து வரும்? மேலும் கசப்பு வகைக் கிழங்கில் நஞ்சு மிகுதி. பச்சைக் கிழங்கையும் தோலையும் நாய் அணுகாதவாறு வைத்தல் வேண்டும். வேகவைத்த நீரைக் கொட்டிவிட்டுக் கிழங்கை மட்டுமே இட வேண்டும்.

வயிறு நிறைவதும் உடல் நிறைவதும் வேறு வேறு என்னும் உண்மையை உலகுக்குக் காட்டிய ஆராய்ச்சிகளில் ஒன்று நம் நீலகிரியிலேயே நடந்தது. குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் 1918இல் தொடங்கிய ஆராய்ச்சிப் பிரிவு, பின்னர் உணவுச் சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டது. அங்கே மக்காரிசன் என்னும் அறிஞர் 1920களில் இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் முதலிடம் பெற்றன. தீட்டிய அரிசியையே பெரும்பகுதியாகக் கொண்ட சென்னை மாகாண உணவை உண்டவை கடைசி இடத்தில் நின்றன. இது நமக்குப் பெருமை தரும் செய்தி அன்று. எனினும் அறிய வேண்டிய செய்தி.

நாயைப் பொறுத்தவரை இதனினும் நேரான சான்று லண்டனிலிருந்து கிடைக்கிறது. அக்காலத்து ஆங்கிலேயக் குழந்தைகளிடையே கால் வளையும் நோய் மிகுந்திருந்தது. அதன் காரணத்தை அறிய விரும்பிய எட்வர்டு மெல்லன்பி என்பவர், நாய்க்குட்டிகளை வீட்டினுள்ளேயே வைத்து, ஓட்ஸ் கஞ்சி முதலிய தானிய உணவை முக்கியமாகக் கொடுத்து வளர்த்தார். குட்டிகள் பசியாறின; எடையும் கூடின; கால்கள் மட்டும் வளைந்தன. காட் என்னும் மீனின் ஈரல் எண்ணெயைச் சேர்த்தபோது அந்நோய் தோன்றவில்லை. இம்முடிவை அவர் 1919இல் வெளியிட்டார். அவ்வெண்ணெயில் எலும்பைக் காக்கும் பொருள் தனியான ஒரு வைட்டமின் என்பது 1922இல் அமெரிக்காவில் தெளிவாயிற்று. அதுவே வைட்டமின் டி. நம் சங்கத்து நெசவாளரின் குட்டிக்கு நேர்ந்தது ஏறக்குறைய இதுவே. ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே உலகம் கண்டறிந்த உண்மை, நம் தறிக்கூடத்து வாயிலை வந்தடைய இத்தனை காலம் ஆயிற்று.

இவ்விடத்தில் ஒன்று கூற வேண்டும். மனிதன் வெயிலில் நின்றால் அவன் தோலிலேயே வைட்டமின் டி உண்டாகிறது. நாயின் தோல் அவ்வேலையை மிகக் குறைவாகவே செய்யும். 'முற்றத்து வெயிலில் கிடக்கிறதே' என்று ஆறுதல் கொள்வதற்கில்லை; இவ்வைட்டமின் உணவின் வழியாகவே வர வேண்டும். கொழுப்பு மிக்க மீன், முட்டையின் மஞ்சட்கரு, ஈரல் ஆகியவை இதற்குரியன. வைட்டமின் சி சத்தையோ நாய் தன் உடலிலேயே ஆக்கிக்கொள்ளும்; அதற்காக நெல்லிக்காய் தேட வேண்டியதில்லை.

சுண்ணாம்புச் சத்தும் மணிச்சத்தும் தம்முள் பாவும் ஊடையும் போன்றவை. ஒன்றுக்கு ஒன்று என்ற அளவிலோ, சுண்ணாம்பு சிறிது மிகுந்தோ இருத்தல் வேண்டும். இரண்டுக்கு ஒன்று என்பதற்கு மேற்போகலாகாது. எலும்பு நீக்கிய இறைச்சியில் மணிச்சத்து, சுண்ணாம்பைப்போல் பதினைந்து இருபது மடங்கு இருக்கிறது. அரிசியிலும் மணிச்சத்தே மிகுதி. சோற்றோடு இறைச்சித் துண்டை மட்டும் சேர்த்துக் கொடுத்தால், உடல் அக்குறையைத் தன் எலும்பைக் கரைத்தே ஈடுசெய்யும். நாம் 'மிக நன்று' என்று கூறிய ஞாயிற்றுக்கிழமை இறைச்சி, குட்டியின் எலும்புக்கு ஒரு துளியும் உதவவில்லை என்பதை இப்போது அங்கத்தினர்கள் உணர்வார்கள்.

இனி, கடையில் விற்கும் பைத்தீவனம் வாங்க இயலாத குடும்பம் என்ன செய்யலாம்? கைத்தறிக் கூலியில் வாழ்வோர்க்கு அத்தீவனத்தின் விலை எட்டாதது என்பதை நாம் அறிவோம். நம் மாவட்டத்துக்கோ கடல் இருக்கிறது. குளச்சலிலும் முட்டத்திலும் சின்னமுட்டத்திலும் கரையேறும் சாளை மீன், விலை மலிந்த நாட்களில் நாய்க்கு மிகச் சிறந்த உணவாகும். புரதம், நல்ல கொழுப்பு, வைட்டமின் டி, அயோடின் ஆகிய யாவும் அதில் உள. நெத்தோலியை முள்ளோடு மெத்தென வேகவைத்து மசித்தால் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து கிடைக்கும். எம்மீனாயினும் வேகவைத்தே இட வேண்டும். சில மீன்களில் பச்சையாய் இருக்கும்போது தயமின் என்னும் வைட்டமினை அழிக்கும் பொருள் உண்டு. வேகும்போது அது கெடுகிறது. கருவாடாயின் வெந்நீரில் இருமுறை ஊறவைத்து உப்பு நீரைக் கொட்டிய பின்னரே சமைத்தல் வேண்டும். அப்போதும் அளவோடு இடுவதே தகும்.

மேற்சொன்ன 15 கிலோ நாய்க்கு நாம் பரிந்துரைக்கும் ஒருநாள் உணவு பின்வருமாறு: அரிசி 150 கிராம் எடுத்துக் குழையப் பொங்கிய சோறு, தலையும் குடலும் நீக்கி வேகவைத்த சாளை 150 கிராம், அவித்த முட்டை ஒன்று, பூசணிக்காய், முருங்கைக்கீரை போன்றவற்றுள் ஏதேனும் வேகவைத்தது ஒரு கைப்பிடி, நல்லெண்ணெய் ஒரு தேக்கரண்டி, முட்டை ஓட்டுப் பொடி அரைத் தேக்கரண்டி. இதனை இரு வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். மீனை முள்ளோடு மசித்துக் கொடுக்கும் நாளில் ஓட்டுப் பொடியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை மீனுக்குப் பதிலாகக் கோழி ஈரல் 50 கிராமும் கோழி இறைச்சியும் இடுவது நன்று. ஈரலை நாள்தோறும் இடலாகாது. அதிலுள்ள வைட்டமின் ஏ மிகுந்தாலும் கேடே.

முட்டை ஓட்டுப் பொடிக்குச் செலவு ஒன்றுமில்லை. ஓடுகளைக் கழுவிச் சிறிது நேரம் கொதிக்கவைத்து, வெயிலில் மொறமொறவென்று உலர்த்தி, மாவுபோல் அரைத்துப் புட்டியில் இட்டுவைக்கலாம். ஒரு தேக்கரண்டிப் பொடியில் ஏறத்தாழ 1,900 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைச் சோற்றில் கலக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கூடவே கூடாது, அது வாயையும் குடலையும் புண்ணாக்கும்.

எண்ணெயைப் பற்றியும் ஒரு சொல். நம் வீடுகளில் தேங்காய் எண்ணெயே ஆட்சி புரிகிறது. அது கெடுதல் அன்று. ஆயினும் நாயின் தோலுக்கும் மயிருக்கும் இன்றியமையாத லினோலிக் அமிலம் அதில் மிகக் குறைவு. நல்லெண்ணெயில் அது நூற்றுக்கு நாற்பது பங்கு அளவுக்கு இருக்கிறது. தேங்காய் எண்ணெயை எவ்வளவு ஊற்றினும் மயிர் வறண்டே கிடக்கும் நாய்க்கு, தினம் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் சில வாரங்களில் மாறுதலைக் காட்டக்கூடும். கடலைப் பிண்ணாக்கு மலிவாகக் கிடைக்கிறது என்று அதனை நாய்க்கு இடுவோரும் உளர். மழைக்காலத்தில் அதிற் பூசணம் படரும்போது உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு நாயின் ஈரலை அழிக்க வல்லது. மாட்டைக் காட்டிலும் நாய் அந்நஞ்சுக்கு எளிதில் இரையாகும். பூசணம் பிடித்த கொப்பரைக்கும் அரிசிக்கும் இதுவே விதி.

மீன் மலிவு ஆண்டு முழுதும் நிலைப்பதில்லை. விசைப்படகுகளின் மீன்பிடித் தடைக்காலம் 2017 முதல் 61 நாட்களாக நீண்டிருக்கிறது. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதலும் மேற்குக் கடலில் ஜூன் 1 முதலும் அது நடைபெறுகிறது. இரு கடலையும் கொண்ட நம் மாவட்டத்தில் ஜூலை இறுதிவரை மீன் விலை ஏறியே இருக்கும். அந்நாட்களில் மேலும் இரண்டு முட்டையும், நன்றாக வெந்து குழைந்த சிறுபருப்பும் மீனின் இடத்தை ஓரளவு நிரப்பும். அரிசியிற் பாதியைக் குறைத்துக் கேழ்வரகு மாவைக் கூழாகக் காய்ச்சிச் சேர்க்கலாம். வளர்ந்த நாய்களுட் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. மோரும் தயிரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

வீட்டுக் குழம்பைச் சோற்றின்மேல் ஊற்றும் வழக்கத்தை அங்கத்தினர்கள் அறவே விடவேண்டும் என்று நாம் வற்புறுத்துகிறோம். உப்பும் மிளகாயும் மட்டும் காரணமன்று. நம் பக்கத்தில் உள்ளி எனப்படும் வெங்காயமும், வெள்ளைப்பூண்டும் நாயின் இரத்தத்துச் சிவப்பணுக்களை உடைப்பவை. வேகவைத்தாலும் வதக்கினாலும் அத்தன்மை மாறுவதில்லை. திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது முன்பே தெரிந்தது. அதற்குக் காரணம் அதிலுள்ள டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்ற கருத்தை 2021இல் அமெரிக்கக் கால்நடை நச்சியல் அறிஞர்கள் வெளியிட்டனர். அவ்வமிலம் நம் புளியிலும் நிறைந்திருக்கிறது. ஆகவே உள்ளியும் புளியும் கூடிய நம் மீன் குழம்பு, நாய்க்கு இருவகையில் ஆகாதது. குழம்பு கூட்டுமுன் நாயின் பங்கு மீனைத் தனியே எடுத்து வெறும் நீரில் வேகவைத்துவிட்டால் வேலை முடிந்தது. கல்யாண வீட்டில் மிஞ்சிய பாயசத்தில் உலர்திராட்சை கிடக்கும். அதனை நாய்க்கு ஊற்றலாகாது. சாக்லேட்டும், சர்க்கரைக்குப் பதிலாகச் சைலிட்டால் சேர்த்த மிட்டாய்களும் நஞ்சே. வெந்த கோழி எலும்பு ஈட்டிபோல் பிளந்து குடலைத் துளைக்கும்.

குட்டிகளுக்கும் தாய் நாய்க்கும் கணக்கு வேறு. வளரும் குட்டிக்கு, அதே எடையுள்ள வளர்ந்த நாயைக் காட்டிலும் ஏறத்தாழ இரு மடங்கு உணவு வேண்டும். சிறு வயிறாதலின் நான்கு மாதம் வரை நாளுக்கு மூன்று நான்கு முறை பிரித்து இட வேண்டும். குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் கேடு என்றோம்; மிகுந்தாலும் கேடே. பெரிய இனக் குட்டிகளுக்கு அளவின்றிச் சுண்ணாம்பு மாத்திரை கொடுத்து எலும்பு கோணிய நிகழ்ச்சிகளும் உண்டு. ஆதலின் குட்டியின் அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்க. சினை நாய்க்கு இறுதி மூன்று வாரங்களில் உணவைச் சிறிது சிறிதாகக் கூட்டிவரலாம். பால் கொடுக்கும் மூன்றாம் நான்காம் வாரங்களில் அது வழக்கத்தைப்போல் இரண்டு முதல் நான்கு மடங்கு வரை உண்ணும். அப்போது நாம் கணக்குப் பார்க்கலாகாது. ஈன்ற நாய் நடுங்கி, கால் விறைத்து, மூச்சிரைத்தால் அது இரத்தத்திற் சுண்ணாம்பு குறைந்த அபாயம். விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். குட்டி பிறந்த இரண்டாம் வாரம் முதலே பூச்சி மருந்தும் தொடங்க வேண்டும். நம் ஈர மண்ணில் கொக்கிப்புழு எளிதிற் பெருகும். புழு நிறைந்த வயிற்றுக்கு எத்தனை முட்டை இட்டாலும் பயன் பாதியே.

நாம் மேலே கொடுத்த உணவு முழுக் குறையற்றது என்று உரிமை கொண்டாட மாட்டோம். வீட்டுச் சமையலில் துத்தநாகமும் வைட்டமின் ஈ சத்தும் குறைவுபடுவது வழக்கம். மூக்கைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் செதில் படிந்தால் துத்தநாகக் குறையாக இருக்கலாம். அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டுத் தாதுக் கலவையைச் சேர்த்துக்கொள்வது நலம். மாட்டுக்கு வாங்கிய தாதுக் கலவையை ஊகத்தால் அள்ளி இடவேண்டாம். பைத்தீவனம் வாங்க இயன்றவர்கள், பையின்மேல் அது முழுமையான சமச்சீர் உணவு என்று அச்சிடப்பட்டுள்ளதா என்றும், வளர்ந்த நாய்க்குப் புரதம் நூற்றுக்கு 18க்கும் குட்டிக்கு 22க்கும் குறையாமல் இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குக. பையின் படத்தைப் பார்த்து வாங்குவது படத்துக்குக் கொடுக்கும் விலையே.

புதிய உணவுக்கு ஒரே நாளில் மாறினால் நாய்க்குக் கழிச்சல் கண்டுவிடும். முதலிரண்டு நாள் பழைய உணவில் கால் பங்கையும், அடுத்த இரண்டு நாள் பாதியையும் மாற்றி, ஒரு வாரத்தில் முற்றும் மாறிக்கொள்ளலாம். பின்னர் மாதம் ஒருமுறை நாயை நிறுத்துப் பார்க்க வேண்டும். விலாவைக் கையால் தடவினால் எலும்பு எண்ணத் தெரிய வேண்டும். கண்ணுக்கு எல்லாம் துருத்தித் தெரியலாகாது. சிப்பிப்பாறை போன்ற வேட்டை இனங்களுக்குக் கடைசி இரண்டு மூன்று விலா தெரிவது இயல்பு. அதைக் கண்டு சோற்றைக் கூட்டிவிட வேண்டாம். எடை பார்க்கத் தராசு இல்லையே என்பார்க்கு, சங்கத்தின் நூற்கிடங்கில் நூற்சிப்பம் நிறுக்கும் தராசு இருக்கிறது. மாதத்தின் முதற் சனிக்கிழமை மாலை, நூல் வழங்கும் வேலை முடிந்த பின்னர், நாயைக் கொண்டுவரலாம் என்று கிடங்குப் பொறுப்பாளர் இசைந்திருக்கிறார். நாயைக் கயிற்றிற் பிடித்துக் கொண்டுவருதல் வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட சீட்டும் கையில் இருத்தல் வேண்டும். தட்டின்மேல் பழைய சாக்கு ஒன்றை விரித்துக்கொள்ளும்படியும் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.